கேள்விக்குத் திறந்த கதவு

ஒரு தேசத்தின் செல்வத்தைக் கணக்கிடும்போது நாம் நிலத்தைச் சொல்கிறோம், நதிகளைச் சொல்கிறோம், மலையடியில் கிடக்கும் இரும்பையும் நிலக்கரியையும் சொல்கிறோம். இவற்றையெல்லாம் அளந்து எழுதி வைப்பதற்குச் சர்க்காரில் தனித்தனி இலாகாக்கள் இருக்கின்றன. ஆனால் எந்த இலாகாவின் ஏட்டிலும் ஏறாத செல்வம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வீட்டிலும், மூன்று வயதுக் குழந்தையின் வாயில், "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லாகப் பிறக்கிறது. வானம் ஏன் நீலமாயிருக்கிறது, நிலா ஏன் நம் கூடவே வருகிறது, சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஏன் முத்துப் போல் உருண்டு ஓடுகிறது என்று குழந்தை கேட்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் நாம் சிரித்து மகிழ்கிறோம். மூன்றாவது கேள்வி வந்ததும், "தொந்தரவு பண்ணாதே, போய்ப் படி!" என்று சொல்லி விடுகிறோம். படிப்பு என்பதைப் பற்றி நம்முடைய அபிப்பிராயம் என்ன என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இந்த "ஏன்" என்னும் சொல்லைப் பெரியவரான பின்பும் கைவிடாத ஒருவரைப் பற்றி நேயர்கள் அனைவரும் அறிவார்கள். சர் சி. வி. ராமன் நோபல் பரிசு பெற்றது 1930-இல் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதியைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் பரிசு கிடைத்த ஆண்டை நினைவில் வைத்த நாம், அந்தப் பரிசுக்கு வித்தான கேள்வியையும், அந்தக் கேள்விக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்பதையும் அவ்வளவாக நினைப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படக் கூடியது அந்தப் பகுதிதான்.

பௌபஜார் வீதியில் ஒரு பலகை

1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்து 1907-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். ஒளியைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரை 1906-லேயே லண்டனிலிருந்து வெளியான விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் அச்சேறிவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. இத்தகைய பிள்ளைக்கு அந்நாளைய இந்தியாவில் என்ன வழி இருந்தது? ஆராய்ச்சி செய்து பிழைக்க வழி கிடையாது. ஆகவே நிதி இலாகாப் பரீட்சை எழுதினார், முதலாவதாகத் தேறினார், 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கௌண்டண்ட் ஜெனரலாக உத்தியோகம் ஏற்றார். நல்ல சம்பளம், கௌரவமான பதவி, முடிவில் பென்ஷன். ஒரு மத்தியதரக் குடும்பம் தன் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளும் வரங்கள் எல்லாம் ஒருங்கே கிடைத்துவிட்டன. கதை அங்கேயே முடிந்திருந்தால் குறை சொல்லுவார் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் ஒரு பெயர்ப் பலகை இருந்தது. "இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்" என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தது. உத்தியோகத்துக்குப் போய்வரும் வழியில் ராமன் அதைக் கண்டார். போய்க் கதவைத் தட்டினார். அங்கே இருந்த அசுதோஷ் டே என்பவர் கதவைத் திறந்தார். உள்ளே விசாலமான கூடமும், பரிசோதனைக் கருவிகளும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்துவார்தான் இல்லை.

அந்தச் சங்கத்தை 1876-இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர். இந்தியர்கள் தங்கள் பணத்தைக் கொண்டு, தங்கள் நிர்வாகத்தில், சொந்தமாக விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்பது அவருடைய கனவு. வீடு வீடாக நன்கொடை திரட்டிக் கட்டடம் எழுப்பினார். பிரசங்கங்கள் ஏற்பாடு செய்தார். ஆயினும் அங்கே தங்கி முழு மூச்சாக ஆராய்ச்சி செய்ய ஒருவரும் முன்வராத மனத்தாங்கலோடு 1904-இல் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கணக்கு ஆபீஸிலிருந்து வந்த ஒரு தமிழ் இளைஞன் அவர் கட்டிய கதவைத் தட்டினான்.

அன்று முதல் ராமனுடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. பகலில் சர்க்கார் கணக்கு; விடியற்காலையிலும் மாலைக்குப் பின்னரும் பௌபஜார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. திரும்பிக் கல்கத்தா வந்ததும் பழைய இடத்துக்கே போனார். இவ்விதமாகப் பத்து ஆண்டுகள். 1917-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர் பதவியைச் சர் அசுதோஷ் முகர்ஜி அவருக்கு அளிக்க முன்வந்தார். சம்பளம் குறையும் என்று தெரிந்தே ராமன் அதை ஏற்றார். பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சிக்காகக் கடல் கடக்க மாட்டேன் என்று ராமன் உறுதியாகச் சொல்லவே, அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது.

கடலின் நிறம்

அவர் கடல் கடந்தது 1921-இல்; அதுவும் ஒரு சர்வகலாசாலை மகாநாட்டுக்குப் பிரதிநிதியாக. இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்ற கப்பலில் திரும்பி வரும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவர் கண்ணைக் கவர்ந்தது. அந்தக் கப்பலில் இருந்த பிரயாணிகள் எல்லாருமே அந்த நீலத்தைப் பார்த்திருப்பார்கள். கவி உள்ளம் படைத்தவர்கள் பெருமூச்சும் விட்டிருப்பார்கள். ராமனோ, "இது ஏன் நீலம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பெரிய இடத்திலிருந்து விடை ஏற்கனவே வந்திருந்தது. வானம் நீலமாயிருப்பதன் காரணத்தை விளக்கிப் புகழ் பெற்ற ராலே பிரபு, கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்று கூறியிருந்தார். விடை எழுதி மார்க் வாங்குவதென்றால் இது போதும். ராமன் போதும் என்று விடவில்லை. தம்மிடம் இருந்த நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியின் வழியாகக் கடலைக் குறிப்பிட்ட ஒரு சாய்வில் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை அந்தக் கருவி மறைத்துவிடும். வானத்தின் பிரதிபிம்பம்தான் காரணமென்றால் நீலமும் கூடவே மறைய வேண்டுமல்லவா? மறையவில்லை. முன்னைவிட ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது! ஆகவே நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் நுண்ணிய மூலக்கூறுகள் ஒளியைச் சிதற அடிக்கின்றன என்று ராமன் முடிவு கட்டினார். நீரானது சிவப்பு ஒளியைச் சிறிது விழுங்கிக் கொள்வதும் அந்த நீலத்துக்குக் காரணம் என்பது இன்று நாம் அறிந்த செய்தி. கப்பல் பம்பாய்த் துறைமுகம் சேர்ந்ததும், தம் முடிவைக் கடிதமாக எழுதி லண்டன் 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார்.

கையில் அடங்கும் ஒரு கருவி. எல்லாரும் பார்த்த கடல். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்ட விடையைத் தானே சோதித்துப் பார்க்கும் துணிவு. இந்த மூன்றுக்கும் பணச் செலவு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

விடாத சந்தேகம்

கல்கத்தா திரும்பியதும் ராமனும் அவருடைய மாணாக்கர்களும் திரவங்களில் ஒளி சிதறுவதைப் பற்றி வரிசையாக ஆராயத் தொடங்கினார்கள். 1923-இல் கே. ஆர். ராமநாதன் என்ற மாணாக்கர் ஒரு விநோதத்தைக் கண்டார். குறிப்பிட்ட ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால், அந்த நிறம் மட்டுமே சிதறி வர வேண்டும். ஆனால் வேறு நிறத்தில் மிக மங்கலான ஒரு சாயலும் கூடவே வந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று எண்ணி மீண்டும் மீண்டும் வடித்துச் சுத்தம் செய்தார்கள். சாயல் போகவில்லை. அழுக்குத்தான் என்று எழுதி மூடிவிட்டிருந்தால் அதைத் தவறென்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. ராமனுக்கோ சந்தேகம் தீரவில்லை. ஐந்து ஆண்டுகள் அந்த மங்கலான சாயலைச் சுற்றியே வந்தார். வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருக்கு வலக்கையாக இருந்து, திரவத்தின் பின் திரவமாகச் சோதித்தார். இருவருமாகச் சேர்ந்து உண்மையை நிலைநாட்டினார்கள். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி அந்தப் புதிய ஒளி தனியாகப் பிரிந்து தெளிவாகக் கண்ணுக்குப் புலனாயிற்று.

அதன் பொருள் என்ன? ஒளி ஒரு மூலக்கூறின் மீது மோதும்போது, சிற்சில சமயம் தன் சக்தியில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்து அதை அதிரச் செய்கிறது. கொடுத்தது போக மீந்த சக்தியோடு வெளிவரும் ஒளியின் நிறம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய விதத்தில் அதிர்வதால், எவ்வளவு நிறம் மாறியது என்று அளந்தால் அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, பொருளுக்கு ராமன் ஒளி அப்படி. 1960-இல் லேசர் ஒளி பிறந்த பிறகு இந்த முறை உலகெங்கும் பரவிற்று. இன்று மருந்துச் சாலையில் மாத்திரையின் தரத்தைப் பார்க்கிறார்கள்; இரத்தினக் கல் அசலா போலியா என்று பார்க்கிறார்கள்; பழைய ஓவியத்தைச் சுரண்டாமலே அதில் தீட்டிய வர்ணம் இன்னதென்று கண்டுபிடிக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஊர்தியிலும், அங்குள்ள பாறைகளைப் பரிசோதிக்க ராமன் முறையில் வேலை செய்யும் கருவிகளை வைத்து அனுப்பினார்கள். கடல் ஏன் நீலம் என்று கேட்ட அன்று, "இதனால் என்ன லாபம்?" என்று யாரேனும் கேட்டிருந்தால் ராமனாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

விஞ்ஞானிக்கு மட்டும் உரிய பண்பு இது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ராமனுடைய இன்னோர் ஆராய்ச்சியே அதற்குச் சாட்சி. அவருக்குச் சங்கீதத்தின் மீதும் வாத்தியங்களின் மீதும் அளவற்ற ஆவல். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நம் நாட்டு மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். 1934-இல் அதையே விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை ஸ்வரத்தோடு, அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுள்ள நாதங்களும் இழைந்து ஒலிக்கின்றன. அதனால்தான் அது காதுக்கு இனிமையாயிருக்கிறது. இழுத்துக் கட்டிய வெறுந்தோலுக்கு இந்தக் குணம் கிடையாது. அதன் மேல்நாதங்கள் 1.59, 2.14, 2.30 என்று கணக்கில் பொருந்தாத மடங்குகளில் வருகின்றன. ஆகவே சாதாரணப் பறையொலியில் முழக்கம் உண்டு. சுருதி சேர்ந்த நாதம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையோ பாடகரின் சுருதியோடு ஒட்டி நிற்கிறது. அது எப்படி?

வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில்தான் இரகசியம் இருக்கிறது என்று ராமன் காட்டினார். தோலின் மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டி, எந்தக் கோடுகளில் மணல் அசையாமல் நிற்கிறது என்று பார்த்தார். கரணை என்றும் சோறு என்றும் சொல்லும் அந்த வட்டத்தின் கனம், தோலின் ஒன்பது வகை அதிர்வுகளை இழுத்துக் கட்டி, ஐந்தே ஐந்து ஒத்திசைந்த நாதங்களாக அடக்கிவிடுகிறது. ஒரு தோல், தந்தியைப் போலப் பாடுகிறது!

இதை விளக்கியவர் ராமன். செய்தவர் யார்? இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடியாக்கி, வடித்த சோற்றோடு பிசைந்து, ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, தட்டிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, நாதம் பிசகினால் பிய்த்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கியவர் யார்? எவ்வளவு கனம் வைக்க வேண்டும், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்று பரம்பரை பரம்பரையாகச் சோதித்தவர் யார்? அவர்கள் கையில் நிக்கல் பட்டகம் இல்லை. கணித சூத்திரம் இல்லை. பௌபஜார் சங்கமும் இல்லை. "இன்னும் கொஞ்சம் வைத்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வி மட்டும் இருந்தது. கடலைப் பார்த்து ராமன் கேட்டது எந்தக் குலத்துக் கேள்வியோ, இதுவும் அதே குலத்துக் கேள்விதான்.

அடைத்த கதவுகள்

இந்த இடத்தில் நாம் சற்று வெட்கப்பட வேண்டியிருக்கிறது. மிருதங்கம் வாசித்தவர்களின் பெயர்களை நாம் அறிவோம், அவர்களுக்குச் சால்வை போர்த்தினோம், படம் போட்டோம். மிருதங்கம் செய்தவர்களின் பெயர்களைக் கேட்டால் சபையில் பாதிப்பேர் விழிப்பார்கள். தோலைப் பதப்படுத்தும் கையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கை செய்த வாத்தியத்தை மட்டும் மேடைக்கு ஏற்றிய சமூகம் நம்முடையது. தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்துவந்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பாலக்காடு மணி அய்யரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தொழிலாளியின் காதும் கையும் இருந்தன என்பதை அதன் மூலம் பலர் முதன்முதலாக அறிந்தார்கள். அந்த நூல் வந்த ஆண்டு 2020. சுதந்திரம் பெற்று 73 ஆண்டுகள் ஆனபின்!

கையால் செய்பவனுக்குப் புத்தகம் மறுக்கப்பட்டது. புத்தகம் படித்தவன் கையால் செய்வதைக் கேவலம் என்று நினைத்தான். இந்தப் பிரிவினையால் எத்தனை கேள்விகள் விடை காணாமலும், எத்தனை விடைகள் எழுதி வைப்பாரின்றியும் அழிந்து போயினவோ, யார் கணக்கெடுப்பது?

இன்னொரு கதவும் அடைபட்டிருந்தது. 1933-இல், பம்பாய் சர்வகலாசாலையில் படித்துத் தேறிய கமலா பாகவத் என்ற பெண், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர மனுச் செய்தாள். கழகத்தின் தலைவர் மனுவை நிராகரித்தார். மதிப்பெண் குறைவு என்பது காரணமல்ல. மனுச் செய்தவள் பெண் என்பதே காரணம். அந்தத் தலைவர் வேறு யாருமல்லர். கணக்கு ஆபீஸிலிருந்து வந்து, எவர் சிபாரிசும் இல்லாமல் ஒரு கதவைத் தட்டித் திறக்கப் பெற்ற அதே ராமன்தான்! கமலா திரும்பிப் போய்விடவில்லை. நேரில் வந்து நியாயம் கேட்டாள். ஒரு வருஷம் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவளுடைய உழைப்பைக் கண்டு ராமன் தம் கொள்கையைத் தளர்த்தினார். பின்னர் மற்றப் பெண்களுக்கும் அங்கே வழி பிறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்ற பெயரில், 'நீரா' என்னும் பதநீரின் உணவுச் சத்தைப் பற்றி ஆராய்ந்து ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் செய்திகளை வெளியிட்டார்.

ராமனுடைய பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளருக்கே, தம்முடையதைப் போன்ற ஆவல் இன்னொருவர் உருவில் வந்தபோது உடனே அடையாளம் தெரியவில்லை. அப்படியிருக்க, நாற்பது பிள்ளைகளை வகுப்பில் வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க ஓடும் நம் போன்ற உபாத்தியாயர்களும், ஆபீஸ் விட்டுக் களைத்து வரும் பெற்றோர்களும் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்!

என்ன செய்யலாம்?

இன்றைய பள்ளிகளில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லும் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. விடை மலிந்துபோன காலத்தில் அருமையாகி வருவது கேள்விதான். ஆனால் நம் பரீட்சைகள் விடைக்கு மட்டும் மார்க் போடுகின்றன. கைடு புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் முழு மார்க், "அது அப்படித்தானா?" என்று கேட்டால் மார்க் இல்லை. பத்து ஆண்டுகள் இவ்விதம் பழக்கிய பிறகு, நம் இளைஞர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிப்பதில்லையே என்று அங்கலாய்ப்பதில் நியாயம் ஏது?

பெரிய திட்டங்களைச் சர்க்கார் வகுக்கட்டும். நாம் செய்யக் கூடியவை சில உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகள் கேட்க, ஆசிரியர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வகுப்பு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் நடக்கலாம். ஊரிலுள்ள தச்சரையும் குயவரையும் வாத்தியம் செய்பவரையும் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, பாடம் சொல்லச் சொல்லலாம். பிள்ளைகள் அவரை 'ஐயா' என்று அழைத்துக் கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் பையன் ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும்போது பொறுத்துக்கொள்ளும் நாம், பெண் பிரித்துப் பார்க்கும்போதும் அதே பொறுமையைக் காட்டலாம்.

மகேந்திரலால் சர்க்காருக்கு, தாம் கட்டிய கதவை யார் தட்டப் போகிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. தெரியாமலே கட்டி வைத்தார். நமக்கும் தெரியப் போவதில்லை.

ஆகையால், தோசைக்கல்லில் தண்ணீர் ஏன் உருண்டு ஓடுகிறது என்று உங்கள் குழந்தை நாளைக் காலையில் கேட்டால், விடையைச் சொல்ல அவசரப்பட வேண்டாம். குழந்தையைச் சற்று எட்டி நிற்க வைத்து, கல் இளஞ்சூடாயிருக்கும்போது சில துளி தெளித்துக் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி சில துளி தெளித்துக் காட்டுங்கள். முதல் தடவை தண்ணீர் பரவிச் சுண்டும். இரண்டாம் தடவை உருண்டு ஓடும். "இரண்டுக்கும் என்ன வித்தியாசம் பார்த்தாய்?" என்று நீங்கள் கேளுங்கள். அன்று தோசை ஐந்து நிமிஷம் தாமதமாக வரும். வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்.